தென்னாபிரிக்காவில் காசநோயும் குடும்ப வைத்தியரும்

நோய்களுக்கு இருவகை வரலாறு உண்டு. ஒன்று, ஆய்வுகூடத்திலே தோன்றி அறிஞர்தம் பெயரோடு நூல்களில் நிலைபெறுவது. மற்றொன்று, வைத்தியரின் அறைக்கு வெளியே வாங்கில் அமர்ந்து இருமிக்கொண்டிருக்கும் நோயாளியின் வரலாறு. முன்னையதைப் பாடசாலை மாணவரும் அறிவர். பின்னையதை எழுதி வைத்தோர் மிகச் சிலரே. ஆயினும், ஒரு மனிதன் பிழைப்பதும் மாய்வதும் பெரும்பாலும் அந்த இரண்டாவது வரலாற்றிலேயே தங்கியிருக்கின்றன. மருந்து கண்டுபிடிக்கப்பட்ட நோயும், அது இன்ன நோய் என்று முதன்முதலில் காணும் வைத்தியர் ஐயுறாவிடின், மருந்தில்லாத நோயாகவே முடிகின்றது. இவ்வுண்மையைத் தென்னாபிரிக்க நாட்டின் காசநோய் வரலாறு விளக்குவதுபோல வேறெந்நாட்டு வரலாறும் விளக்குவதில்லை எனலாம்.

காசநோயை நம் முன்னோர் சயரோகம் என்றும் என்புருக்கி என்றும் அழைத்தனர். உடலை நாள்தோறும் தேய்ப்பது என்பது ஒரு பெயரின் பொருள். எலும்பையும் உருக்குவது என்பது மற்றதன் பொருள். நோயின் போக்கைக் கண்ணாரக் கண்டவர்கள் இட்ட பெயர்கள் இவை. ஆனால் அந்நோயை விளைவிப்பது ஒரு கிருமி என்பதை 1882ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 24ஆம் நாள் பேர்லின் நகரிலே றொபேட் கொக் என்னும் ஜேர்மானிய வைத்தியர் அறிவித்த பின்னரே உலகம் அறிந்தது. அடுத்து வந்த ஓரிரு ஆண்டுகளுள் சீல், நீல்சன் என்னும் இருவர் அக்கிருமிக்குச் செந்நிறம் ஊட்டும் முறையைச் செம்மைப்படுத்தினர். சளியை ஒரு கண்ணாடித் துண்டில் தடவி, நிறமூட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கும் எளிய முறை அன்று பிறந்தது. நூறாண்டுகளுக்கு மேலாக ஏழை நாடுகளின் ஒரே கருவியாக நின்றது அம்முறையே.

அம்முறையில் ஒரு குறைபாடு தொடக்கம் முதலே இருந்தது. ஒரு மில்லிலீற்றர் சளியிலே சுமார் 5,000 முதல் 10,000 வரையான கிருமிகள் இருந்தாலன்றி அவை கண்ணுக்குப் புலப்படுவது அரிது. சுவாசப்பையிலே குழி விழுந்து, சளியோடு கிருமி மிகுதியாக வெளிப்படும் நோயாளரை அது பிழையின்றிக் காட்டியது. அத்தகைய நோயாளரே அக்காலத்திற் பெருந்தொகையினர் ஆதலின், குறைபாடு பெரிதாகத் தோன்றவில்லை. அக்குறைபாடே பின்னொரு காலத்தில் ஆயிரமாயிரம் உயிர்களைக் காவுகொள்ளுமென்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

தென்னாபிரிக்காவிலே காசநோய் பரவிய கதை தங்கத்தின் கதையோடு பிணைந்தது. 1886ஆம் ஆண்டில் விற்வாட்டர்ஸ்ராண்ட் மேட்டுநிலத்திலே தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. ஜொகனஸ்பேர்க் நகரம் முளைத்தது. பூமிக்கடியில் பாறையைத் துளைத்தபோது எழுந்த சிலிக்காத் தூசு தொழிலாளரின் சுவாசப்பையைப் புண்படுத்தியது. புண்பட்ட இடத்திலே காசநோய்க் கிருமி எளிதிற் குடியேறியது. ஊருக்குத் தொலைவில், ஆடவர் மாத்திரம் நெருக்கமாக அடைந்து கிடந்த தொழிலாளர் விடுதிகள் நோயைப் பெருக்கின. 1913ஆம் ஆண்டின் நிலச்சட்டம் கறுப்பின மக்களை நாட்டு நிலத்தின் ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கினுள் ஒடுக்கியது. உழுது பிழைக்க நிலமின்றி, வரி செலுத்தப் பணமின்றி, ஆடவர் ஒப்பந்தக் கூலிகளாகச் சுரங்கங்களுக்குப் போய்ப் போய்த் திரும்பினர்.

இருமத் தொடங்கிய தொழிலாளிக்கு நேர்ந்தது யாது? வேலைக்கு உதவான் என்று கண்டதும் அவன் ஊருக்கு அனுப்பப்பட்டான். டிரான்ஸ்கை, பசுட்டோலாந்து முதலிய பிரதேசங்களின் குடிசைகளுக்குக் கூலிப்பணத்தோடு நோயும் சென்றது. சுரங்கத்தில் வைத்தியர் இருந்தார். அவர் தொழிலாளியின் உடலை வேலைத்தகுதி நோக்கியே ஆராய்ந்தார். நோயாளி இறக்கச் சென்ற கிராமத்திலோ வைத்தியரே இல்லை. நோயைக் காணத்தக்கவர் ஓரிடத்திலும் நோய் முற்றும் இடம் மற்றோரிடத்திலுமாகப் பிரிந்து கிடந்தமையே அந்நாட்டின் முதற்பெரும் பிழை எனல் தகும்.

தமிழரும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானவரல்லர். 1860ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16ஆம் நாள் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்னுங் கப்பல் டேர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேற்றால் மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியரின் முதற் கூட்டம் அதில் இருந்தது. அவருட் பலர் தமிழர். அவர்தம் வழித்தோன்றல்கள் வாழ்ந்த நெருக்கமான குடியிருப்புகளிலும் காசநோய் புகுந்தது. எடின்பரோவில் வைத்தியம் பயின்று 1936ஆம் ஆண்டு டேர்பனுக்குத் திரும்பிய டாக்டர் குணம் என்னும் பெண்மணியைப் போன்ற குடும்ப வைத்தியர்களே, அரசாங்கம் ஏறெடுத்துப் பாராத மக்களுக்கு அந்நாளில் முதலும் முடிவுமான துணையாக இருந்தனர்.

பிரிந்து கிடந்த இரண்டையும் ஒன்றுசேர்க்க ஒரு முயற்சி நடந்தது. 1940ஆம் ஆண்டில் சிட்னி கார்க், எமிலி கார்க் என்னும் வைத்தியத் தம்பதியர் நேற்றாலின் தென்பகுதியில், டிராக்கன்ஸ்பேர்க் மலையடிவாரத்திலுள்ள பொலேலா என்னும் ஊரில் ஒரு சுகாதார நிலையத்தை அமைத்தனர். நோயாளி வரும்வரை அங்கு எவரும் காத்திருக்கவில்லை. அந்த ஊர் மொழி பேசும் சுகாதார உதவியாளர் வீடு வீடாகச் சென்றனர். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனைபேர், யார் யார் சுரங்கத்துக்குப் போயிருக்கிறார், யார் திரும்பினார், யார் மெலிகிறார், குழந்தைகள் என்ன உண்கின்றன என்பவற்றைக் குறித்து வைத்தனர். தொடக்கத்திற் சிறுதொகையாக இருந்த வீடுகள் ஆண்டுதோறும் பெருகின. மரக்கறித் தோட்டமிடுவதும், குழந்தைக்குப் பாலூட்டுவதும், இருமுவோரைப் பரிசோதனைக்கு அழைத்து வருவதும் ஒரே நிலையத்தின் வேலைகளாயின. தனியொருவரை மாத்திரமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்து நோக்கும் வைத்தியமுறை அங்கு உருப்பெற்றது.

அரசாங்கமும் சிறிதுகாலம் அதற்குச் செவிசாய்த்தது. 1942ஆம் ஆண்டில் டாக்டர் ஹென்றி குளுக்மன் தலைமையில் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு, 1944ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், இனவேறுபாடின்றி எல்லா மக்களுக்கும் உரிய தேசிய சுகாதார சேவையையும் நாடெங்கும் பொலேலா போன்ற நிலையங்களையும் பரிந்துரைத்தது. சுமார் 40 நிலையங்கள் எழுந்தன. 1948ஆம் ஆண்டில் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து இனஒதுக்கலைக் கொள்கையாகக் கைக்கொண்டதும் அத்திட்டம் வாடிற்று. கார்க் தம்பதியர் 1950களின் இறுதியில் நாட்டைவிட்டு நீங்கி, எருசலேமில் தம் பணியைத் தொடர்ந்தனர்.

சிட்னி கார்க் விட்டுச்சென்ற எழுத்து ஒன்று இங்கே நினைவுகூரத் தக்கது. 1949ஆம் ஆண்டு அவர் தென்னாபிரிக்க வைத்தியச் சஞ்சிகையில் மேகநோயின் சமூகக் காரணங்களைப்பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். கணவரை மனைவியரிடமிருந்து ஆண்டில் பல மாதம் பிரித்துவைக்கும் கூலிமுறையே அந்நோயை நகரத்திலிருந்து கிராமத்துக்குக் கொண்டு சேர்க்கின்றது என்று அவர் காட்டினார். நாற்பது ஆண்டுகளின் பின்னர் எச்.ஐ.வி. என்னும் நுண்ணுயிர் அந்நாட்டிற் புகுந்தபோது, அவர் சுட்டிய அதே வழிகளினூடாகவே சென்றது.

இதற்கிடையில் மருந்து வந்து சேர்ந்தது. 1943இல் ஸ்ரெப்ரோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952இல் ஐசோனியசிட் என்னும் மலிவான குளிசை வந்தது. காசநோயாளரை மலைப்பாங்கான இடத்துச் சுகவாச நிலையங்களில் மாதக்கணக்கில் கிடத்தவேண்டும் என்பது அதுவரை உலகம் கொண்ட துணிபு. 1956ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் அத்துணிபைச் சோதித்தது. நகரத்தின் ஏழை மக்களுள் ஒரு சாராரைச் சுகவாச நிலையத்திலும் மற்றொரு சாராரைத் தத்தம் வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். வீட்டிலிருந்து மருந்துண்டவரும் மற்றவருக்கு ஒப்பவே குணமடைந்தனர். அவர்தம் வீட்டாருக்கு அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவுமில்லை. 1959ஆம் ஆண்டு வெளிவந்த இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. சுகவாச நிலையங்கள் மூடப்பட்டன. காசநோய் இனிச் சாதாரண வைத்தியரின் பொறுப்பாயிற்று.

ஆனால் சாதாரண வைத்தியர் அப்பொறுப்புக்கு ஆயத்தமாக இருந்தாரா? இதற்கு விடையும் தென்னிந்தியாவிலிருந்தே வந்தது. பெங்களூரிலுள்ள தேசிய காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த பானர்ஜி, ஆண்டர்சன் என்னும் இருவர் மைசூர் இராச்சியத்துத் தும்கூர் மாவட்டத்திலே கிராம மக்களிடையே ஆராய்ச்சி நடத்தி 1963ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டனர். கிராமத்தவர் நோயை உணரார், உணர்ந்தாலும் வைத்தியரை நாடார் என்பதே அறிஞர் பலரின் எண்ணமாக இருந்தது. உண்மை வேறாக இருந்தது. காசநோயாளருள் மிகப் பெரும்பாலார் தம் உடலில் ஏதோ குறை நேர்ந்துள்ளதை உணர்ந்திருந்தனர். ஏறக்குறைய பாதிப்பேர் வைத்தியசாலைகளை நாடியும் இருந்தனர். அங்கே அவர்களுட் பெரும்பாலாருக்குக் கிடைத்தது ஒரு போத்தல் இருமல் மருந்து. சளியைப் பரிசோதிக்க எவரும் எண்ணவில்லை. நோயாளி வைத்தியரைத் தேடி வந்திருந்தார். வைத்தியர் நோயைத் தேடவில்லை. அறுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் காசநோய்பற்றி எழுதுவோர் இந்த ஆராய்ச்சியை மறவாது எடுத்துக்காட்டுவதற்குக் காரணம் இதுவே.

தென்னாபிரிக்காவில் நிலைமை மேலும் கேடுற்றிருந்தது. இனஒதுக்கல் அரசாங்கம் கறுப்பின மக்களுக்கென ‘தாயகங்கள்’ என்ற பெயரால் நிலத்துண்டுகளைப் பிரித்து, அவற்றுட் சிலவற்றைச் சுதந்திர நாடுகள் எனவும் அறிவித்தது. 1976ஆம் ஆண்டில் டிரான்ஸ்கை அவ்வாறு ‘சுதந்திரம்’ பெற்றதும், அங்கு வாழ்ந்த காசநோயாளர் தென்னாபிரிக்காவின் கணக்கிலிருந்து மறைந்தனர். நோயாளர் குறைந்ததுபோல ஏட்டிலே தோன்றியது, நோய் குறையவில்லை. 1980களில் அந்நாட்டில் 14 சுகாதாரத் திணைக்களங்கள் தனித்தனியே இயங்கின. ஒருவர் வேலை தேடி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகையில் அவருடைய மருத்துவப் பதிவு பின்தொடரவில்லை. நோய் மாத்திரம் பின்தொடர்ந்தது.

இத்தகைய நிலத்திலேதான் எச்.ஐ.வி. விழுந்தது. எயிட்ஸ் நோயைப்பற்றிய முதல் அறிக்கை 1981ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அமெரிக்காவில் வெளியாயிற்று. அதற்குக் காரணமான நுண்ணுயிரை 1983ஆம் ஆண்டில் பரிஸ் நகரத்துப் பஸ்தர் நிறுவனத்தார் கண்டனர். தென்னாபிரிக்க அரசாங்க நிலையங்களுக்கு வரும் கர்ப்பிணிப் பெண்களிடையே 1990ஆம் ஆண்டில் நூற்றுக்கு ஒருவருக்குக் குறைவாகவே இத்தொற்று இருந்தது. 2005ஆம் ஆண்டில் அது நூற்றுக்கு 30 என்ற அளவை எட்டியது. பதினைந்தே ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இது. குவாசுலு-நேற்றால் மாகாணம் யாவற்றிலும் மிகுதியாகப் பாதிக்கப்பட்டது.

காசநோய்க் கிருமியைச் சுவாசித்தவர் எல்லாரும் நோயாளராவதில்லை. உடலின் நிர்ப்பீடன ஆற்றல் அக்கிருமியைச் சூழ்ந்து சிறைவைக்கின்றது. அவ்வாறு சிறைப்பட்ட கிருமியைச் சுமப்போருள் பத்தில் ஒருவரே வாழ்நாளில் எப்போதாவது நோயுறுகின்றார். எச்.ஐ.வி. அந்தச் சிறையின் காவலரையே கொல்கின்றது. அதன்பின், சிகிச்சை பெறாதவரிடத்து, வாழ்நாள் முழுவதற்கும் உரிய அந்த ஆபத்து ஏறத்தாழ ஓராண்டுக்குரிய ஆபத்தாகி விடுகின்றது.

நோயாளர் தொகை பெருகியது ஒருபுறமிருக்க, நோயின் தோற்றமே மாறிற்று. சுவாசப்பையில் குழி விழச்செய்வது பெரும்பாலும் கிருமியன்று. கிருமியை எதிர்த்து உடல் நடத்தும் போரே அக்குழியை உண்டாக்குகின்றது. போரிடும் ஆற்றல் அற்ற உடலிலே குழி விழுவதில்லை. குழி இல்லாவிடின் சளியிலே கிருமி குறைகின்றது. நுணுக்குக்காட்டி எதையும் காட்டாது. ‘கிருமி இல்லை’ என்று எழுதிய துண்டோடு நோயாளி வீடு திரும்புவார். எக்ஸ்றே படத்திலும் வைத்தியர் கற்ற அடையாளங்கள் தோன்றா. சிலவேளை படம் முற்றும் தெளிவாகவே இருக்கும். நோயோ நிணநீர்க் கணுக்களிலும், சுவாசப்பையை மூடிய சவ்விலும், மூளைச்சவ்விலும், இரத்தத்திலும் பரவிக்கொண்டிருக்கும். சிலருக்கு இருமலே இராது; மெலிவும் காய்ச்சலும் மாத்திரம் காணப்படும். நூறாண்டாக வைத்தியர் கற்றுவந்த பாடம், எந்த நோயாளர் மிக விரைவில் இறப்பரோ அவர்களிடத்திலேயே பொய்த்துப் போயிற்று.

பொய்த்த அளவு எவ்வளவு என்பதைப் பிரேத பரிசோதனைகள் புலப்படுத்தின. எச்.ஐ.வி. தொற்றோடு இறந்தவர்களைப்பற்றிப் பல நாடுகளில் நடந்த அத்தகைய பரிசோதனைகளைத் தொகுத்து 2015ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. இறந்த வயதுவந்தோருள் ஏறத்தாழ ஐந்தில் இருவரின் உடலிலே காசநோய் இருந்தது. அவ்வாறு காசநோய் இருந்தோருள் ஏறக்குறைய பாதிப்பேரிடத்தில் உயிரோடிருந்த காலத்தில் அது கண்டுபிடிக்கப்படவேயில்லை.

இவர்கள் வைத்தியரைக் காணாது இறந்தவர்கள் என்று எண்ணுதல் தவறு. தென்னாபிரிக்காவிலே வைத்தியசேவை இருகூறுபட்டது. ஏழை மக்கள் முதலிற் செல்லுமிடம் அரசாங்கச் சிகிச்சை நிலையம். அங்கே நோயாளியை முதலிற் காண்பவர் பெரும்பாலும் தாதி. நீண்ட வரிசையில் நிற்க இயலாதவரும், ஒருநாட் கூலியை இழக்க விரும்பாதவரும், அயலார் கண்ணுக்கு அஞ்சுபவரும் கைப்பணம் கொடுத்துத் தனியார் குடும்ப வைத்தியரிடம் செல்வர். அவ்வைத்தியர் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆயினும் சளிப் பரிசோதனைக்கான செலவை நோயாளி தாங்கார் என்று கருதி அவர் அதைத் தவிர்த்துவிடக்கூடும். ஒரு கிருமிநாசினி மருந்தை எழுதிக்கொடுப்பார். அம்மருந்து குயினலோன் இனத்தைச் சேர்ந்ததாயின், அது காசநோய்க் கிருமியையும் சிறிது அடக்கும். நோயாளிக்குச் சில நாட்கள் சுகம் தோன்றும். பின்னர் இருமல் மீளும். அவர் இன்னொரு வைத்தியரை நாடுவார். அங்கும் முதலிலிருந்தே கதை தொடங்கும். எச்.ஐ.வி. தொற்று முற்றியவருக்கு இவ்வாறு வீணாகும் வாரங்களே உயிரின் எல்லையாகின்றன.

அச்சமும் நாணமும் இத்தாமதத்தைக் கூட்டின. காசநோய் என்று சொன்னால் எச்.ஐ.வி. என்று ஊரார் பொருள்கொண்டனர். ஆகவே வைத்தியர் கேட்கத் தயங்கினார். நோயாளி சொல்லத் தயங்கினார். நாட்டின் சனாதிபதியாக 1999ஆம் ஆண்டு பதவியேற்ற தாபோ உம்பெக்கி, எயிட்சுக்கு எச்.ஐ.வி.யே காரணமா என வெளிப்படையாக ஐயுற்றமை நிலைமையை இன்னும் குழப்பியது. சிகிச்சைக்கான மக்கள் இயக்கம் நீதிமன்றம்வரை சென்று போராடியது. 2004ஆம் ஆண்டிலேயே அரசாங்க நிலையங்களில் எச்.ஐ.வி.க்கான மருந்து பரவலாகக் கொடுக்கப்படலாயிற்று. மருந்து இல்லாத காலத்தில், ‘இரத்தத்தைப் பரிசோதித்து என்ன பயன்’ என்று கேட்ட நோயாளிக்கு வைத்தியரிடம் தகுந்த விடை இருக்கவில்லை.

2006ஆம் ஆண்டில் உலகத்தின் கண்கள் குவாசுலு-நேற்றாலிலுள்ள துகேலா ஃபெரி என்னும் சிற்றூரின்மேல் திரும்பின. அங்குள்ள ஸ்கொத்லாந்துத் திருச்சபை வைத்தியசாலையில், ஏறக்குறைய எம்மருந்துக்கும் அடங்காத காசநோய் 53 பேரிடத்தில் காணப்பட்டது. அவருள் 52 பேர் இறந்தனர். சளி எடுக்கப்பட்ட நாளிலிருந்து அவர்கள் உயிர்வாழ்ந்த காலத்தின் நடுக்கணக்கு 16 நாட்களே. இரத்தப் பரிசோதனை செய்யப்பட்ட 44 பேரும் எச்.ஐ.வி. தொற்றுடையோர். பரிசோதனை முடிவு வருவதற்கு வாரங்கள் எடுத்த அக்காலத்தில், முடிவு வந்து சேர்ந்தபோது அதைக் கேட்கப் பெரும்பாலோர் உயிரோடில்லை. வைத்தியசாலைக்கு வேறு நோய்க்கு வந்தவர்களுக்கு அங்கேயே இந்நோய் தொற்றியிருக்கலாம் என்பதும் தெரியவந்தது. இருமுபவரைத் தனியே இருத்துவதும், சன்னல்களைத் திறந்து வைப்பதும், ஐயுற்ற அன்றே சளியெடுப்பதும் எத்துணை இன்றியமையாதன என்பதை அவ்வூர் தன் மக்களை இழந்து உலகுக்கு உணர்த்தியது.

இருள் மிகுந்த இதே காலத்தில் ஒளிக்கீற்றுகளும் தோன்றாமலில்லை. குவாசுலுவின் இலாபிசா என்னும் கிராமப்புறத்தில் 1991ஆம் ஆண்டு முதல், நோயாளி மருந்துண்பதைக் கண்காணிக்கும் பொறுப்பு கிராமத்துக் கடைக்காரரிடமும் ஊர்ச் சுகாதார ஊழியரிடமும் ஒப்படைக்கப்பட்டது. கேப்டவுன் நகரை அடுத்த காயெலிச்சாவில் எல்லைகளற்ற வைத்தியர் சங்கத்தார் 2001ஆம் ஆண்டில் எச்.ஐ.வி.க்குரிய மருந்தை ஏழை மக்களுக்குக் கொடுக்கத் தொடங்கினர். 2003ஆம் ஆண்டில் அங்குள்ள உபுண்டு சிகிச்சை நிலையத்தில் காசநோய்ப் பிரிவும் எச்.ஐ.வி. பிரிவும் ஒன்றாக்கப்பட்டன. அதற்குமுன் ஒரே நோயாளி இரு வரிசைகளில் நின்று, இரு ஏடுகளிற் பெயர் பதிந்து, ஒருவர் சொன்னதை மற்றவர் அறியாத இரு வைத்தியரைக் கண்டு அலைந்தார். ஒரே உடலில் இருந்த இரு நோய்களை ஒரே வைத்தியர் நோக்குவதென்ற எளிய ஒழுங்கு, பெரிய புதுமையாகப் பேசப்பட்டது.

பிறீ ஸ்ரேற் மாகாணத்தில் நடந்த முயற்சி குறிப்பிடத்தக்கது. 2003ஆம் ஆண்டளவில் அங்குள்ள 40 சிகிச்சை நிலையங்களைத் தேர்ந்து, அவற்றுட் பாதியில் தாதியருக்குச் சுவாச நோய்களைப்பற்றி அவர்கள் வேலைசெய்யும் இடத்திலேயே சிறிது சிறிதாகப் பயிற்சி அளித்தனர். இருமலோடு வருபவரிடம் எதைக் கேட்பது, எதைக் காண்பது, எப்போது சளியை அனுப்புவது என்பதே பயிற்சி. 2005ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, பயிற்சி பெறாத நிலையங்களில் இருமலும் மூச்சுத் தொல்லையுமாக வந்தோருள் நூற்றுக்கு 3.8 பேரிடத்தில் காசநோய் காணப்பட்டது. பயிற்சி பெற்ற நிலையங்களில் 6.4 பேரிடத்தில் காணப்பட்டது. புதிய கருவி எதுவும் அந்நிலையங்களுக்குக் கொடுக்கப்படவில்லை. அனுப்பிய சளியின் அளவுகூட மிகுதியாகக் கூடவில்லை. யாரை ஐயுறவேண்டும் என்ற தெளிவே பெருகியிருந்தது.

2011ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அத்தெளிவை நான்கு கேள்விகளாகச் சுருக்கித் தந்தது. எச்.ஐ.வி. தொற்றுள்ள வயதுவந்தோர் ஒவ்வொரு முறை வரும்போதும் கேட்கவேண்டியவை அவை: இப்போது இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, உடல் மெலிந்ததா, இரவில் வியர்க்கின்றதா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் மேலும் ஆராயவேண்டும். முன்னர் இரண்டு அல்லது மூன்று வாரம் நீடித்த இருமலையே எதிர்பார்த்திருந்தனர், எச்.ஐ.வி. மிகுந்த நாட்டில் அவ்வாறு காத்திருக்கக் காலமில்லை என்பது இப்போது ஒப்புக்கொள்ளப்பட்டது.

அதேவேளை புதிய கருவியும் வந்தது. சளியிலுள்ள கிருமியின் மரபணுவை இரண்டு மணி நேரத்துள் கண்டு, முக்கிய மருந்தான றிஃபாம்பிசினுக்கு அது அடங்குமா என்பதையும் கூறும் எக்ஸ்பேர்ட் என்னும் பரிசோதனையை 2010ஆம் ஆண்டு திசெம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. தென்னாபிரிக்கா அடுத்த ஆண்டு மார்ச்சு முதலே அதை நாடெங்கும் பரப்பியது. நுணுக்குக்காட்டி காணாத நோயாளரை அது கண்டது. ஆயினும், 2015ஆம் ஆண்டு வெளியான ஒரு பெரும் ஆராய்ச்சி யாவரையும் சிந்திக்க வைத்தது. புதிய கருவி வைத்த இடங்களிலும் பழைய நுணுக்குக்காட்டியே இருந்த இடங்களிலும் ஆறு மாதத்துள் நேர்ந்த மரணங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. முடிவு வந்த துண்டு நோயாளியைத் தேடிச் செல்லாவிடின், எச்.ஐ.வி. மருந்து உரிய காலத்தில் தொடங்கப்படாவிடின், கருவியின் விரைவு வீணாகின்றது. டேர்பனில் சலீம் அப்துல் கரீமும் அவருடைய கூட்டாளரும் 642 நோயாளரிடையே நடத்தி 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி இதன் மறுபுறத்தைக் காட்டியது. காசநோய்ச் சிகிச்சை முடியும்வரை காத்திராது, அது நடக்கும்போதே எச்.ஐ.வி. மருந்தையும் தொடங்கியவரிடத்தில் மரணம் நூற்றுக்கு 56 பங்கு குறைந்தது. சளி வெளிப்படாத கடுநோயாளருக்குச் சிறுநீரைக் கொண்டு காசநோயைக் காணும் ஒரு முறையும் 2015ஆம் ஆண்டு முதல் வைத்தியர் கைக்கு வந்துள்ளது.

கற்கவேண்டிய பாடம் இத்துடன் முடிந்ததென எண்ணினோருக்கு 2018ஆம் ஆண்டில் நடந்த தென்னாபிரிக்கத் தேசிய காசநோய்க் கணிப்பு விடையளித்தது. மக்கள் வாழும் இடங்களுக்கே எக்ஸ்றே வண்டிகள் சென்றன. கண்டுபிடிக்கப்பட்ட காசநோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர், இருமல் முதலிய அறிகுறி எதுவும் தமக்கு இல்லை என்றே கூறியிருந்தனர். எக்ஸ்றே படமே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. கேள்வி கேட்கும் வைத்தியர் நல்ல வைத்தியர்; ஆனால் கேள்விக்குள் அகப்படாத நோயும் உண்டு. ஆகவே ஒருவருக்குக் காசநோய் என்று கண்டவுடன் அவரோடு ஒரே கூரையின் கீழ் வாழ்வோரையும், எச்.ஐ.வி. தொற்றுடையோரையும், முன்னொருமுறை காசநோய் கண்டவரையும், அறிகுறி இல்லாதபோதும் பரிசோதிப்பது அந்நாட்டில் வற்புறுத்தப்படலாயிற்று.

இவ்வளவும் கண்டபின் குடும்ப வைத்தியரின் ஆயத்தம் என்பது யாது என்று தொகுத்து நோக்கலாம். அது பெரிதும் நூலறிவைப் பொறுத்ததன்று. காசநோயின் அடையாளங்களைப் பரீட்சையில் எழுதித் தேறாத வைத்தியர் எந்நாட்டிலும் இல்லை. களைத்த மாலை வேளையில், நாற்பதாவது நோயாளி இருமும்போது, ‘இது அதுவாக இருக்குமோ’ என்று ஒருகணம் நிறுத்தி எண்ணுவதே ஆயத்தத்தின் தொடக்கம். எச்.ஐ.வி. பரிசோதனையை நாணமின்றி, நோயாளியின் மதிப்புக் குறையாதபடி கேட்பது அதன் அடுத்த படி. சளியை அனுப்பியபின் முடிவைத் தேடிப் பெறுவதும், ‘கிருமி இல்லை’ என்ற துண்டைக் கண்டு ஐயத்தைக் கைவிடாமையும், வராத நோயாளியின் வீட்டை விசாரிப்பதும் மற்றைய படிகள். இவற்றுக்கு வைத்தியரின் மனம் மாத்திரம் போதாது. விரைந்து முடிவு தரும் ஆய்வுகூடமும், செலவில்லாத பரிசோதனையும், தனியார் வைத்தியரையும் அரசாங்க நிலையத்தையும் இணைக்கும் ஒழுங்கும் அவருக்குப் பின்னால் நின்றாலன்றி, தனியொருவரின் விழிப்பு நெடுநாள் நில்லாது.

பொலேலாவின் சுகாதார உதவியாளர் 1940களில் வீடு வீடாகச் சென்று, யார் மெலிகிறார் என்று கேட்டனர். அவர்களிடம் மரபணுப் பரிசோதனை இருக்கவில்லை. காசநோய்க்கு மருந்துகூட அவர்கள் தொடங்கிய நாளில் இருக்கவில்லை. மருந்தும் கருவியும் வந்த காலத்தில் அந்தக் கேள்வி கேட்போர் இல்லாது போயினர். இரண்டும் ஒருசேர இருந்திருக்குமாயின், துகேலா ஃபெரியில் மாண்ட பலர் வாழ்ந்திருத்தல் கூடும். முளையிற் கிள்ளாதது முற்றினால் கோடரி வேண்டும் என்பர். காசநோயைப் பொறுத்தவரை முளையைக் காணும் முதற் கண் குடும்ப வைத்தியருடையதும், சிகிச்சை நிலையத்துத் தாதியுடையதுமே ஆகும்.